இறால் ஓட்டு நாரும் உடலின் கணக்கும்

1. கேள்வி

இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்ற நார்ப்பொருள் சில பத்தாண்டுகளாக உலகெங்கும் மாத்திரையாகவும் கேப்சூலாகவும் விற்கப்படுகிறது. ஜப்பான் 1980களிலேயே இதை உணவில் சேர்க்க அனுமதித்தது. அமெரிக்காவில் 1990களின் இறுதியில் எடை குறைப்புச் சந்தையில் பெரும் விளம்பரத்தோடு நுழைந்தது. நமக்குப் பக்கத்தில், கேரள மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட் கொல்லம் மாவட்டம் நீண்டகரையில் கைட்டோசான் ஆலை நடத்தி, 'கைட்டோன்' என்ற பெயரில் கேப்சூலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இதற்கான தொழில்நுட்பத்தை வளர்த்ததில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு பெரியது.

தூத்துக்குடிக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. இறால் ஏற்றுமதி நிறுவனங்கள் நிறைந்த ஊர் இது. தலையும் ஓடுமாகக் கழிவு தினமும் சேர்கிறது. கழிவு காசாகும், அதோடு மருந்துமாகும் என்ற பேச்சு இந்தக் கரையில் யாருக்கும் இனிக்கவே செய்யும். ஆகவேதான் அதைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டியிருக்கிறது.

விற்பனைப் பேச்சில் மூன்று கூற்றுகள் ஒன்றாகக் கலந்து வருகின்றன. சாப்பாட்டுக் கொழுப்பைப் பிடித்து வெளியேற்றி எடையைக் குறைக்கும் என்பது ஒன்று. இரத்தக் கொலஸ்ட்ராலை இறக்கும் என்பது இரண்டு. சிறுநீரக நோயாளிகளின் உடலில் தேங்கும் கழிவுப்பொருள்களை உறிஞ்சும் என்பது மூன்று. இம்மூன்றுக்கும் ஒரே அளவு சான்று இல்லை. முதல் கூற்று ஏறக்குறைய நிற்கவில்லை, இரண்டாவது சிறிய அளவில் நிற்கிறது, மூன்றாவது நிறுவப்படவில்லை. இதுவே இக்கட்டுரையின் முடிவு. அதற்கு எப்படி வந்தேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

2. சுண்ணாம்பு ஓடும் நார் ஓடும்

தூத்துக்குடி அடங்கிய முத்துக்குளித்துறையில் ஓடு என்றால் முதலில் நினைவுக்கு வருபவை முத்துச்சிப்பியும் சங்கும்தான். கொற்கை முத்தைப் பற்றிக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு பேசுகிறது. சென்னை மாகாண அரசின் கடல் உயிரியலாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் விரிவாக ஆராய்ந்தார். சங்கைப் பற்றிய அவருடைய நூல் 1914இல் வெளிவந்தது. 1961க்குப் பிறகு இந்தக் கரையின் முத்துப் பார்களில் குளிப்பு நடைபெறவில்லை. 1973இல் வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் அழகர்சாமியும் உடன் பணியாற்றியோரும் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்கு வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாகிறது. உடைந்த சிப்பி காளவாயில் சுண்ணாம்பாகிறது.

இந்த ஓடுகளுக்கு மருத்துவ மரபும் உண்டு. சித்த மருத்துவத்தில் சங்கு பற்பமும் முத்துச்சிப்பிப் பற்பமும் இன்றும் வழக்கில் இருப்பவை. ஓட்டைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு சேர்த்து, வில்லை தட்டிக் காயவைத்து, புடமிட்டு எடுப்பார்கள். வயிற்று எரிச்சல், குன்மம் போன்றவற்றுக்குக் கொடுப்பது வழக்கம். இந்த வகை ஓடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். அமிலத்தை முறிக்கும் குணம் அதற்கு உண்டு.

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் ஓடு வேறு சாதி. அதிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. ஆனால் அதோடு புரதமும், கைட்டின் என்ற நார்ப்பொருளும் பின்னிக் கிடக்கின்றன. உலர்ந்த ஓட்டின் எடையில் கைட்டின் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தேறும். கேப்சூலுக்குள் போவது இந்த இரண்டாம் வகை ஓட்டின் சரக்கு. முத்துச்சிப்பியிலிருந்து அதை விற்பனைக்கு ஆகும் அளவில் எடுக்க முடியாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடல் ஓட்டை நம் முன்னோர்கள் மருந்தாக உண்டார்கள், ஆகவே இதுவும் நல்லது என்ற வாதம் எளிதில் எழும். பற்பத்தின் பெயரால் கைட்டோசானுக்கு நற்சான்று கேட்பது பொருந்தாது. வேதியியல்படி பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன: பற்பம் வயிற்று அமிலத்தை முறிக்கிறது, கைட்டோசான் கரைவதற்கே அந்த அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை அன்றாடம் விழுங்கிக்கொண்டு கைட்டோசானும் சாப்பிடுகிறவர், தான் வாங்கிய சரக்கின் வழியைத் தானே அடைக்கிறார் என்று கோட்பாட்டளவிலாவது சொல்லலாம்.

3. ஓடு பொடியாகும் வழி

இறால் கம்பெனிகளில் உரிப்பு வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஐஸ் கலந்த இறால் மேசைக்கு வரும். இடது கையில் இறாலைப் பிடித்து, வலது கையால் தலையைத் திருகி, காலோடு சேர்த்து ஓட்டை வளையம் வளையமாகக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை இழுத்துவிட்டுச் சதையைத் தட்டில் போடுவார்கள். தலையும் ஓடும் தனிக் கூடையில் சேரும். முழு இறாலின் எடையில் பாதிக்கு நெருக்கமான பங்கு இப்படிக் கூடைக்குப் போகிறது. வெயில் ஏறும் முன் அகற்றாவிட்டால் நாற்றம் தாங்காது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிங் யான், ஷி சென் இருவரும் 2015இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், உலகில் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் இறால், நண்டு, சிங்கி ஓடு கழிவாகிறது என்று கணக்கிட்டார்கள்.

கூடையில் கிடக்கும் ஓடு வெண்பொடியாக மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துப் போய்விடும். நீர்த்த காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் புரதம் கழியும். எஞ்சுவது கைட்டின், தண்ணீரிலும் கரையாது, காடியிலும் கரையாது. அதை 40 முதல் 50 சதவீதச் செறிவுள்ள காஸ்டிக் சோடாவில் மறுபடி வேகவைத்தால், மூலக்கூறில் தொங்கும் அசிட்டைல் கிளைகள் உதிர்ந்து அமினோ முனைகள் வெளிப்படும். அதுவே கைட்டோசான். அமிலத்தில் கரையும் திறனும் கொழுப்போடு ஒட்டும் திறனும் இந்த முனைகளால் வருபவை.

இந்த அறிவு புதிதன்று. 1811இல் பிரான்சின் ஹென்றி பிரகொன்னோ காளானில் கைட்டினைக் கண்டார். 1823இல் ஓடியே அதைப் பூச்சி ஓட்டிலும் கண்டு பெயரிட்டார். 1859இல் ரூழே காரத்தில் வேகவைத்து அமிலத்தில் கரையும் வடிவத்தைப் பெற்றார். அதற்குக் கைட்டோசான் என்று 1894இல் பெயரிட்டவர் ஜெர்மானியரான ஹோப்பே-சைலர். மாத்திரையாகச் சந்தைக்கு வர இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

எவ்வளவு அசிட்டைல் உதிர்ந்தது, மூலக்கூறுச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பவற்றைப் பொறுத்துக் கைட்டோசானின் குணம் மாறும். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு புட்டிகளில் இருப்பது ஒரே சரக்காக இருக்க வேண்டியதில்லை. கீழே வரும் மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதை மறைத்துவிட்டு 'கைட்டோசான்' என்று ஒற்றைச் சொல்லில் நற்பலன் கூறும் எந்த விளம்பரமும் பாதித் தகவலையே தருகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் நிலைமை இங்கே விசித்திரமானது. ஓடு இருக்கிறது. உப்பளங்கள் இருக்கின்றன, உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்யும் ஆலை சாகுபுரத்தில் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அமிலமும் காரமும் ஓடும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன. இல்லாதது நல்ல தண்ணீர். ஒரு கிலோ கைட்டோசான் எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் தண்ணீர் வேண்டும் என்று மேற்சொன்ன 'நேச்சர்' கட்டுரை குறிப்பிடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தொழிற்சாலைகளுக்குத் தாமிரபரணி நீர் எடுப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கான மாவட்டத்தில் இது சிறிய கணக்கன்று. கழுவிக் கழிக்கும் அமில, கார நீர் எங்கே போகும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கழிவைப் பயனாக்கும் தொழில் என்று எழுதும் முன், இந்த இரண்டு வரவுசெலவையும் எழுத வேண்டும்.

4. குவளையில் தெரிவதும் குடலில் நடப்பதும்

கைட்டோசானின் புகழ் ஒரு செய்முறையில் தொடங்குகிறது. யாரும் செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் சிறிது காடியில் கைட்டோசான் பொடியைக் கரைத்தால் கஞ்சிபோல் கொழகொழப்பாகும். அதில் நல்லெண்ணெய் ஊற்றிக் கலக்கிவிட்டு, பிறகு சோடா உப்புக் கரைசலைச் சேர்த்தால் நுரை பொங்கி, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து, எண்ணெயைத் தனக்குள் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். காடி இரைப்பை, சோடா உப்பு சிறுகுடல், எண்ணெய் நாம் தின்ற பஜ்ஜி.

கோட்பாடும் இதுவேதான். இரைப்பை அமிலத்தில் கைட்டோசானின் அமினோ முனைகள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. கொழுப்பு அமிலங்களும் பித்த அமிலங்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒட்டுகின்றன. சிறுகுடலில் அமிலத்தன்மை குறைந்ததும் கைட்டோசான் பிடித்ததை விடாமல் திரிகிறது. செரிக்காமல் மலத்தோடு வெளியேறுகிறது.

குடலில் நிலைமை வேறு. அங்கே கொழுப்பு எண்ணெய்த் திவலையாக மிதந்துகொண்டிருப்பதில்லை. பித்தநீர் அதை நுண்துளிகளாக்குகிறது, கணைய நொதி வெட்டுகிறது, குடற்சுவர் விரைவாக உறிஞ்சுகிறது. சோறும் பருப்பும் காய்கறியும் கலந்த கூழில் கைட்டோசான் ஒட்டிக்கொள்ள வேறு பொருள்களும் ஏராளம். ஆகவே குவளையில் பிடித்ததைக் குடலிலும் பிடிக்கிறதா என்பதை அளந்துதான் அறிய வேண்டும். அதற்கான அளவுகோலும் நேரடியானது: மலத்தில் எவ்வளவு கொழுப்பு கூடுதலாக வெளியேறுகிறது?

2001இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஆர்லிஸ்டாட் என்ற எடைக்குறைப்பு மருந்தோடு ஒப்பிட்டது. ஆர்லிஸ்டாட் எடுத்தவர்களின் மலத்தில் நாளொன்றுக்கு 16 கிராம் அளவில் கூடுதல் கொழுப்பு வெளியேறியது. கைட்டோசான் எடுத்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேட்ஸ், ஸ்டெர்ன் இருவரும் 12 ஆண்களையும் 12 பெண்களையும் வைத்து நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஆண்களிடம் நாளுக்கு 1.8 கிராம் கொழுப்பு கூடுதலாக வெளியேறியது. பெண்களிடம் மாற்றம் இல்லை. இந்த வேகத்தில் ஓர் ஆண் ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான உடற்கொழுப்பை இழக்க ஏழு மாதத்துக்கு மேலாகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நாமே சரிபார்க்கலாம்: ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, 1.8 கிராம் ஏறத்தாழ 16 கலோரி. ஒரு வேளைக் காப்பியின் சீனியில் அரைக் கரண்டியைக் குறைத்தாலே அதில் பாதி மிச்சமாகிவிடும்.

எடையைப் பற்றிய கூற்று தளர்வது இங்கேதான்.

5. எடை

மலத்தை அளந்த ஆய்வுகள் சிறியவை. எடையை அளந்த பெரிய ஆய்வு நியூசிலாந்தில் நடந்தது. முடிவு 2004இல் வெளிவந்தது. அதிக எடையுள்ள 250 பேர், 24 வாரங்கள், நாளுக்கு 3 கிராம். யார் கைட்டோசான் சாப்பிடுகிறார், யார் போலி மாத்திரை சாப்பிடுகிறார் என்பது சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. கைட்டோசான் குழுவின் சராசரி எடை 0.4 கிலோ குறைந்தது. மற்றக் குழுவினது 0.2 கிலோ கூடியது. வித்தியாசம் புள்ளியியல்படி உண்மையானதுதான். ஆனால் அரை வருடம் தவறாமல் மாத்திரை விழுங்கியதற்குக் கிடைத்தது அரைக் கிலோவுக்குச் சற்றே மேல்.

காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2008இல் 15 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 1219 பேரையும் சேர்த்துப் பார்த்தது. எல்லாவற்றையும் கூட்டினால் 1.7 கிலோ குறைவு என்று வந்தது. விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டுவது இந்த எண்ணைத்தான். அதே ஆய்வாளர்கள் அடுத்த வரியில் சொல்வதை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை: பெரும்பாலான சோதனைகள் தரக்குறைவானவை, தரமானவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தால் எடையில் ஏற்படும் விளைவு மிகச் சிறியது, மருத்துவ முக்கியத்துவம் பெறத்தக்கதன்று. ஓர் ஆய்வின் எண்ணையும் அந்த ஆய்வு தன் எண்ணைப் பற்றித் தானே தரும் எச்சரிக்கையையும் பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

சட்டமும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. கைட்டோசான் கலந்த 'ஃபேட் டிராப்பர்' என்ற மாத்திரையை, விருப்பப்படி சாப்பிட்டுக்கொண்டே இளைக்கலாம் என்ற பாணியில் விளம்பரம் செய்த என்ஃபோர்மா நிறுவனம், 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் ஒரு கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2011இல் ஆராய்ந்துவிட்டு, கைட்டோசானுக்கும் எடைக் குறைவுக்கும் காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது.

6. கொலஸ்ட்ரால்

அதே ஐரோப்பிய ஆணையம் அதே அறிக்கையில் கொலஸ்ட்ரால் கூற்றை ஏற்றுக்கொண்டது. நாளுக்கு 3 கிராம் கைட்டோசான், இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இயல்பு நிலையில் வைத்திருக்க உதவுகிறது என்று அது முடிவு செய்தது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வாசகத்தை அட்டையில் அச்சிட அனுமதித்தது. எடையில் தோற்ற பொருள் இதில் எப்படித் தேறியது? பித்த அமிலங்கள் கொலஸ்ட்ராலிலிருந்து ஆனவை. கைட்டோசான் அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றினால், ஈரல் புதிய பித்த அமிலம் செய்ய இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கிறது. எடையில் தெரிய வேண்டுமானால் கொழுப்பு பல கிராம் வெளியேற வேண்டும். பித்த அமிலத்தில் சிறிதளவு இழப்பே இரத்தத்தில் தெரிந்துவிடும்.

அளவையும் சொல்லிவிட வேண்டும். காக்ரேன் தொகுப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவில் இறங்கியது. 220 இருப்பவருக்கு 212 ஆகும். ஸ்டாட்டின் மருந்துகள் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைக்கின்றன. மாரடைப்பு வந்தவர், இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு 'இயற்கை நாருக்கு' மாறுவது உயிரோடு விளையாடுவது. கைட்டோசானால் மாரடைப்போ மரணமோ குறைந்ததாகக் காட்டிய சோதனை எதுவும் இல்லை. ஸ்டாட்டினுக்கு அப்படிப்பட்ட சோதனைகள் பல உண்டு.

மற்ற நார்களோடும் ஒப்பிட வேண்டும். ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நாருக்கும், அதே 3 கிராம் அளவில், அதே வகை வாசகத்தை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்திருக்கிறது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் இசப்கோல் உமிக்கு நாளுக்கு 7 கிராம் கரையும் நார் என்ற அளவில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இலேயே இதய நலக் கூற்றை ஏற்றது. இவை உணவாகவே கிடைப்பவை, விலை குறைந்தவை, இறால் ஒவ்வாதவருக்கும் ஆபத்தில்லாதவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் 2000 கலோரி உணவுக்கு 30 கிராம் நார் வேண்டும் என்றது. கைட்டோசானின் 3 கிராம் அதில் பத்தில் ஒரு பங்கு. மீதி 27 கிராமைச் சாமையும் கொள்ளும் முருங்கைக்கீரையும் அவரைக்காயும்தான் தர வேண்டும். அவை தருபவருக்குக் கேப்சூலின் தேவை எவ்வளவு என்று யோசிக்கலாம்.

இந்தியச் சட்டத்தில் இது மருந்தன்று. உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய துணைப்பொருள்களின் அட்டையில் மருத்துவப் பயன்பாட்டுக்கானது அல்ல என்று அச்சிட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை வாங்குபவர் தேடிப் படிப்பது நல்லது.

7. சிறுநீரகமும், கூனியின் கேள்வியும்

1997இல் சீன மருத்துவர்கள் 80 சிறுநீரக நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் கைட்டோசானைக் கொடுத்துப் பார்த்து, யூரியா, கிரியாட்டினின் அளவுகள் குறைந்ததாக எழுதினார்கள். இன்றும் விளம்பரங்களில் சுழல்வது இந்த ஆய்வே. 2009இல் இத்தாலியில், கைட்டோசான் சேர்த்த சூயிங்கம்மை மென்ற 13 டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரத்தப் பாஸ்பரஸ் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கியதாக வந்த செய்தி பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. ஜப்பானில் போலி மருந்தோடு ஒப்பிட்டு நடத்தப்பட்டு 2014இல் வெளியான சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் குடும்பங்கள் எந்தத் துரும்பையும் பற்றத் தயாராக இருக்கும். அவர்களிடம் 13 பேர் ஆய்வை மட்டும் காட்டுவது அறமாகாது.

இனி, கைட்டோசான் செரிக்கவே செரிக்காத நார் என்ற அடிப்படைக் கூற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும். நம் கரையில் ஓட்டோடு தின்னும் உணவு ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது: கூனி. சென்னாங்கூனி என்றும் சொல்வார்கள். விரல்நகம் அளவே உள்ள சிறு இறால், உரிப்பதற்கு ஒன்றுமில்லை. வெயிலில் காய்ந்ததை வெறும் சட்டியில் வறுத்து, மீசையும் மண்ணும் போகப் புடைத்து, சின்ன வெங்காயத்தோடு வதக்கியோ, தேங்காயோடு பொடித்தோ சோற்றில் பிசைந்துகொள்வது வழக்கம். கைட்டின் இப்படி நம் வயிற்றுக்குள் தலைமுறைகளாகப் போய்க்கொண்டிருக்கிறது.

வயிறு அதற்குத் தயாராகவும் இருக்கிறது போலும். பாலூட்டிகளின் இரைப்பையில், அமிலத்திலும் வேலை செய்யும் கைட்டின் வெட்டும் நொதி ஒன்று இருப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். 2007இல் இத்தாலிய ஆய்வொன்று, தான் சோதித்த 25 பேரில் பெரும்பாலானோரின் இரைப்பை நீரில் கைட்டினை வெட்டும் செயல்பாட்டைக் கண்டது. 2023இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எலிகளைப் பற்றி எழுதினார்கள்: கைட்டின் தின்றதும் இரைப்பை விரிகிறது, அதனால் நோயெதிர்ப்புச் செல்கள் தூண்டப்பட்டு இந்த நொதி கூடுதலாகச் சுரக்கிறது. நொதி இல்லாத எலிகளிடம்தான் எடை கூடுவது நன்றாகத் தடுபட்டது. எலியில் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனாலும், ஓட்டு நார் உடலைத் தொடாமல் வெறுமனே கடந்துபோகும் என்ற படம் மிக எளிமையானது என்பதை இது காட்டிவிடுகிறது. எனக்கு எடைக்குறைப்பு விளம்பரங்களைவிடக் கூனியின் இந்தக் கேள்வியே ஆராயத் தகுந்ததாகப் படுகிறது. அதைத் தலைமுறைகளாக உண்டுவரும் மக்கள் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள்.

8. யாருக்கு ஆகாது

இறால் ஒவ்வாமையின் முதன்மைக் காரணம் அதன் சதையிலுள்ள டிரோப்போமயோசின் என்ற புரதம். இதை 1993இல் வெளியிட்ட ஆய்வில் முன்னின்றவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் சாந்தியும் சுப்பா ராவும். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் கடலின் வெள்ளை இறால். ஒவ்வாமை தருவது புரதமே, ஓட்டு நார் அன்று என்பதால், நன்கு சுத்திகரித்த கைட்டோசான் கோட்பாட்டளவில் பாதுகாப்பானது என்று வாதிடலாம். ஆனால் புரதம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது ஆலைக்கு ஆலை மாறும். வாங்குபவரால் அதை அறிய முடியாது. இறால் தின்றதும் உதடு வீங்குபவர், தடிப்பு எழுபவர், மூச்சு முட்டுபவர் இதைத் தொடாமலிருப்பதே சரி. காளான், பூஞ்சையிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் இப்போது கிடைக்கிறது. அட்டையில் மூலம் எது என்று பார்க்க வேண்டும்.

கொழுப்பைப் பிடிக்கும் பொருள் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் பிடிக்கக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கைட்டோசானால் அதன் விளைவு மிகைப்பட்டதாக 2007இல் ஒரு நோயாளிக் குறிப்பு பதிவானது. வைட்டமின் கே உறிஞ்சுதல் குறைவது அதற்குக் காரணமாகலாம். வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்தின் இரத்த அளவு இறங்கியதாகவும் பதிவு உண்டு. வார்ஃபரின் எடுக்க வேண்டிய செயற்கை இதய வால்வு உள்ளவர்களும் வலிப்பு நோயாளிகளும் மருத்துவரிடம் சொல்லாமல் இதை எடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு வரக்கூடியவை பெரும்பாலும் வயிற்று உப்புசம், மலச்சிக்கல் போன்ற தொல்லைகள்.

9. வயிற்றுக்கு வெளியே

கைட்டோசானின் உறுதியான மருத்துவப் பயன் விழுங்குவதில் இல்லை, காயத்தில் வைப்பதில் இருக்கிறது. அதே நேர்மின்னூட்ட முனைகள், எதிர்மின்னூட்டம் கொண்ட சிவப்பணுக்களைத் தம்மோடு ஒட்டவைத்து இரத்தப்போக்கை நிறுத்துகின்றன. 2000களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க இராணுவம் 'ஹெம்கான்' கட்டுத்துணியைப் பயன்படுத்தியது. இந்தியாவில் ஆக்ஸியோ பயோசொல்யூஷன்ஸ் தயாரிக்கும் 'ஆக்ஸியோஸ்டாட்' இதே பொருளால் ஆனது. குவளையில் தெரிந்த ஒட்டும் குணம் குடலில் ஏமாற்றியது. திறந்த புண்ணில் ஏமாற்றவில்லை. அங்கே நடுவில் பித்தநீர் இல்லை, சோற்றுக்கூழ் இல்லை. ஓட்டிலிருந்து கரைக்கு வருமானம் வர வேண்டுமானால், எடைக்குறைப்பு மாத்திரையைவிட இந்தத் திசையில் முதலீடு செய்வது நேர்மையானது என்பது என் கருத்து. தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரியும், மருத்துவக் கல்லூரியும் இருக்கும்போது அது எட்டாத வேலையுமன்று.

ஓட்டின் நலத்தைப் பேசும்போது ஓட்டை உரிப்பவரின் நலத்தையும் பேச வேண்டும். ஓடு உடையும்போதும், அவிக்கும் நீராவியிலும், கழுவும் நீர்த்தெறிப்பிலும் புரதத்துகள்கள் காற்றில் கலக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நண்டு ஆலைத் தொழிலாளர்கள் 303 பேரை ஆராய்ந்த கார்ட்டியே குழு, அவர்களில் 15.6 சதவீதத்தினருக்குத் தொழில்வழி ஆஸ்துமா இருந்ததை 1984இல் வெளியிட்டது. அது நண்டை அவித்து உடைக்கும் ஆலை. நம் ஊர் உரிப்பு மேசையில் ஐஸ் இறால். அந்த எண்ணை இங்கே அப்படியே பொருத்த முடியாது. செய்யக்கூடியது வேறு: வேலைக்குச் சேரும்போதும் ஓர் ஆண்டு கழித்தும் ஒவ்வொரு பெண்ணின் மூச்சுத்திறனையும் ஊதுகுழாய்க் கருவியால் அளக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இருமல் குறைந்து திங்கட்கிழமை கூடுகிறதா என்று கேட்டுக் குறிக்கலாம். கைத் தோலின் அரிப்பையும் விரலிடுக்குப் புண்ணையும் பதிவு செய்யலாம். கருவியின் விலை அதிகமில்லை. அரசு மருத்துவமனையும் தொழிலாளர் ஈட்டுறுதி மருந்தகமும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடியும் வேலை. ஓட்டுப் பொடி ஆலைக்குத் திட்ட அறிக்கை எழுதும் எவரும், மாவாக்கும் அறையின் தூசிக்கும் இதே அளவீட்டை அந்த அறிக்கையிலேயே சேர்க்க வேண்டும்.